ஃபார்மட் சித்தப்பா

ஒவ்வொரு குடும்பத்திலும் ஜாதகம் பார்க்க ஒருவர் இருப்பார். வில்லங்கம் பார்த்துப் பத்திரம் படிக்க ஒருவர். கல்யாணப் பந்தியில் நின்றுகொண்டு 'சாம்பார் இந்தப் பக்கம்' என்று கத்த ஒருவர். தொண்ணூறுகளின் கடைசியில் இந்த வரிசையில் இன்னொருவர் வந்து சேர்ந்தார்: கம்ப்யூட்டர் தெரிந்தவர். சொந்தத்தில் யார் வீட்டு சிஸ்டம் படுத்தாலும் முதல் போன் அவருக்குத்தான். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி குரோம்பேட்டை சித்தப்பாவிடம் இருக்கிறது.

பதவி சும்மா வந்துவிடவில்லை. டெலிபோன் டிபார்ட்மென்டில் வேலை பார்த்துக்கொண்டே, 1999-ல் மாலை வகுப்புக்குப் போய் ஆறு மாத ஹார்ட்வேர் கோர்ஸ் முடித்தவர் அவர். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மானிட்டருக்கு ஓர் உறை, கீபோர்டுக்கு ஓர் உறை, சி.பி.யூ.வுக்கு ஓர் உறை. வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட அத்தனை போர்வை கிடையாது. அப்படிப்பட்ட மூலஸ்தானத்தின் மூடியைக் கழற்றி உள்ளே கைவிட்ட முதல் ஆள் என்பதால், சித்தப்பாவுக்கு அன்றைக்கே அர்ச்சகர் மரியாதை வந்துவிட்டது. சர்டிபிகேட்டை லாமினேட் செய்து தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

ஒரே சிக்கல், அந்தக் கோர்ஸ் விண்டோஸ் 98-ஓடு முடிந்தது. சித்தப்பாவும் அங்கேயே முடிந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த எக்ஸ்பி, செவன், டென் எல்லாம் அவர் கணக்கில் 98-க்கு அடித்த வெள்ளை.

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தது. 2013-ல் ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த மெஷின். பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றும், லோகோ வரும், புள்ளிகள் வட்டமாக ஓடும், பட்டென்று அணையும். உடனே மறுபடி அமுக்கினால் முன்னைவிடச் சீக்கிரம் அணையும். போன் போட்டேன். "பவரை ஆஃப் பண்ணு. யாரும் தொடாதீங்க. வந்துட்டேன்" என்றார் சித்தப்பா, விபத்து நடந்த இடத்துக்குப் புறப்படும் இன்ஸ்பெக்டர் மாதிரி.

அவர் வருவதே ஓர் அழகு. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே 'இனிக் கவலை வேண்டாம்' என்பது கேட்டுவிடும். கையில் பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு டெஸ்டர், ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு பென்சில் ரப்பர், சிவப்புக் கயிற்றில் கட்டிய ஒரு பென் டிரைவ். அன்று ரெயின்கோட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

நோயாளியைப் பார்த்ததும் டாக்டர் 'என்ன பண்ணுது?' என்று கேட்பார். சித்தப்பா அதெல்லாம் கேட்க மாட்டார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கடைசியா இதுல யாரு கை வெச்சது?"

இந்த ஒரு கேள்வியில் வீடே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடும். நான் கரண்ட் பில் கட்டியதை ஒப்புக்கொண்டேன். என் மனைவி சமையல் வீடியோ பார்த்ததைச் சொன்னாள். பிளஸ் டூ படிக்கும் மகள், ப்ராஜெக்ட் டைப் செய்தேன் என்றாள். அம்மாவுக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. இருந்தாலும் மானிட்டரில் தூசி தட்டியதைச் சொல்லிவிட்டாள். சித்தப்பா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து "ம்" என்றார். அந்த 'ம்'மில் ஆளுக்குக் கொஞ்சம் தண்டனை இருந்தது.

"ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் நானே வந்து கிளீன் பண்ணிட்டுப் போனேன். ஃபேனைக் கழட்டி, அடியில சாம்பல் கலர்ல பூசணம் மாதிரி என்னமோ அப்பியிருந்தது, அதைக்கூட விடலை, கண்ணாடி மாதிரி துடைச்சு மாட்டினேன். ஒரு மாசம் ஆகலை. அதுக்குள்ள இந்தக் கதி!"

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். சி.பி.யூ.வின் நெற்றியில் அவர் அன்று வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் காயாமல் இருப்பது போலத்தான் இருந்தது.

முதல் வைத்தியம் எஃப்8. பழைய விண்டோஸில், செவன் வரைக்கும், ஆன் செய்த கையோடு எஃப்8-ஐத் தட்டினால் சேஃப் மோடுக்கு வழி திறக்கும். சேஃப் மோடு என்பது கல்யாணத்தில் மேளம், சீரியல் செட்டு, ஐஸ்கிரீம் ஸ்டால் அத்தனையையும் நிறுத்திவிட்டுத் தாலி கட்டுவதை மட்டும் நடத்திப் பார்ப்பது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். வேகமாக எழுந்திருக்கிற அவசரத்தில், யார் எஃப்8 தட்டுகிறார்கள் என்று காத்திருக்க அதற்கு நேரமில்லை. இதைச் சித்தப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் இன்னும் தனி ஆவர்த்தனம் வாசித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கீபோர்டில் எல்லா எழுத்தும் பளிச்சென்று இருக்க, எஃப்8 மட்டும் மொட்டை.

வேடிக்கை என்னவென்றால், பலித்துவிடும். தொடர்ந்து இரண்டு மூன்று முறை பாதியில் விழுந்தால், விண்டோஸ் டென் தானாகவே ரிப்பேர் திரையைக் கொண்டுவந்து நீட்டும். அன்றும் நீட்டியது. "பாத்தியா?" என்று சித்தப்பா விரலை ஊதிக்கொண்டார். காக்கை உட்கார்ந்தது வேறு, பனம்பழம் விழுந்தது வேறு என்பதைக் காக்கையிடமே போய் யார் சொல்வது?

சேஃப் மோடில் அவருக்கு இருக்கும் நம்பிக்கையை அசைக்கவும் முடியாது. உலகமே அதற்குச் சாட்சி சொல்லிவிட்டது. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டில் பிழை. சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. நீலத் திரையில் சோக முகத்தைக் காட்டி, எழுந்திருப்பதும் பாதியில் மறுபடி விழுவதுமாகக் கிடந்தன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சொன்ன மருந்து, சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழிப்பது. சித்தப்பா அன்று ராத்திரி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டார். "இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்றதைத்தான் இன்னிக்கு அமெரிக்காக்காரன் சொல்றான்." அது பெரிய கம்பெனிகள் வாங்கும் மென்பொருள் என்பதால் எங்கள் சொந்தத்தில் ஒரு மெஷினும் விழவில்லை. அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை.

எங்கள் மெஷின் சேஃப் மோடிலும் பாதியில் அணைந்தது.

அடுத்தது பீப். ஆன் ஆகும்போது மதர்போர்டு தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒரு சத்தம் கொடுக்கும். அதற்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கரை அவரே உள்ளே மாட்டி வைத்திருக்கிறார். பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது போல அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு குட்டை பீப், சுபம். ஒரு நெட்டை, இரண்டு குட்டை, டிஸ்பிளே கார்டுக்கு ஆகாது. நெட்டையாக விடாமல் கத்தினால் ரேமுக்குக் கண்டம். இது அவார்டு பயாஸின் சாஸ்திரம். வேறு கம்பெனி பயாஸுக்குச் சாஸ்திரம் வேறு. சித்தப்பாவுக்கு எந்தச் சுவரில் எந்தப் பல்லி கத்தினாலும் பலன் ஒன்றுதான். அன்று ஒரே ஒரு குட்டை பீப் வந்தது. சுபம் என்று தெரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

மூடியைக் கழற்றினார். மூலையில் நிஜமாகவே இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. "பாரு, பக்!" என்றார். அந்த வார்த்தைக்கு ஒரு புகழ்பெற்ற பூச்சி உண்டு. நமக்குச் சுதந்திரம் கிடைத்த இருபத்தைந்தாம் நாள், 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டின் மார்க் 2 கம்ப்யூட்டருக்குள் ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி சிக்கிக்கொண்டது. அதை எடுத்து நோட்டுப் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, நிஜப் பூச்சியே கிடைத்துவிட்டது என்று எழுதி வைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சான்றை அம்மா முறத்தில் வாரிக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

பிறகு ரப்பர். ரேமைப் பிடுங்கி, அதன் தங்கநிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது. சிரிக்க வேண்டாம், இது உண்மையான வைத்தியம்தான். விளிம்பில் படிந்த அழுக்கு போய், மறுபடி ஸ்லாட்டில் நன்றாக உட்கார்ந்ததும் எழுந்துவிட்ட மெஷின்கள் ஏராளம். சித்தப்பா அதை ஒரு சடங்காகவே செய்வார். வாசனை ரப்பர் கூடாது. ஒரே திசையில்தான் தேய்க்க வேண்டும். நடுவில் யாரும் தும்மக் கூடாது. இருபது நிமிடம் தேய்த்து, ஊதி, வெளிச்சத்தில் பார்த்து, மாட்டி, பட்டனை அமுக்கினார்.

மெஷின் எழுந்தது! லோகோ வந்தது, புள்ளிகள் ஓடின, மகள் வைத்திருந்த பூனைப் படம் திரையில் வந்தது. மனைவி காபி கொண்டுவந்தாள். "அவ்வளவுதாம்மா. ரேம்தான்" என்று சித்தப்பா டவராவைக் கையில் வாங்கி ஆற்றினார். இரண்டாவது ஆற்றலில் பூனை மறைந்தது.

"வோல்டேஜ்" என்றார், சற்றும் அசராமல்.

அடுத்த சந்தேகம் என்னுடையது. மதர்போர்டில் நாலணா அளவில் பொத்தான் மாதிரி இருக்கிற பேட்டரி தீர்ந்திருக்குமோ என்று கேட்டேன். தேதியையும் அமைப்புகளையும் ஞாபகம் வைத்திருக்கிற பேட்டரி அது. சித்தப்பா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "டேய், மேலேயே போட்டிருக்கான் பாரு, சி.ஆர். 2032. இன்னும் எட்டு வருஷம் வரும்." அதில் 20 என்பது விட்டம், மில்லிமீட்டரில், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஆனால் நெற்றியில் ஆயுளை எழுதிக்கொண்டு பிறந்த பேட்டரியோடு நான் எப்படி வாதாடுவது?

எல்லா வைத்தியமும் தோற்ற இடத்தில்தான் அந்த மந்திரம் வரும். டப்பாவிலிருந்து சிவப்புக் கயிற்றைப் பிடித்து பென் டிரைவை வெளியே இழுத்தார்.

"ஃபார்மட் பண்ணிடலாம்."

இந்த வார்த்தையால் எங்கள் குடும்பம் பட்டது கொஞ்சமல்ல. பெரியப்பாவின் வருமான வரிக் கணக்கு போனது. அத்தை பையனின் கல்லூரி ப்ராஜெக்ட், கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு போனது. மூன்று கல்யாணங்களின் போட்டோக்கள் போயின. அந்த மூன்று தம்பதிகளும் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி என்று ஒருவரையொருவர் மட்டுமே நம்பி வாழ்கிறார்கள். தமிழக வரலாற்றில் களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று சொல்வது ஒரு வழக்கம். எங்கள் குடும்ப ஆல்பத்தில் 2001 முதல் 2008 வரை சித்தப்பா காலம்.

"சின்னத் தாத்தா, என் ப்ராஜெக்ட் உள்ள இருக்கு" என்றாள் மகள்.

"எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கும் கண்ணு."

"டி டிரைவே இல்லையே தாத்தா. எல்லாம் சி-லதான்."

"அப்போ இன்னிக்கு ரெண்டாப் பிரிச்சுடலாம்" என்று சொல்லிக்கொண்டே பென் டிரைவைச் சொருகிவிட்டார். நான் மனதுக்குள் குலதெய்வத்துக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். இன்ஸ்டால் திரை வந்தது. மொழி கேட்டது. அடுத்த பட்டனைச் சித்தப்பா அமுக்குவதற்குள் மெஷின் அணைந்தது. மறுபடி ஆன் செய்தார். இந்தத் தடவை மொழிகூடக் கேட்கவில்லை. சித்தப்பாவின் ஆயுதத்திடமிருந்து ப்ராஜெக்டைக் காப்பாற்றியது அந்த நோயேதான்.

இதுவரை கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மகள் அப்போது ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, இப்போ பென் டிரைவ்லேர்ந்துதானே ஓடிச்சு? உள்ள இருக்கிற விண்டோஸை எழுப்பவே இல்லையே. அப்பவும் அணையுதுன்னா, தப்பு விண்டோஸ் மேல எப்படி இருக்கும்? அது எந்த இடத்துல நிக்குதுன்னு முதல்ல பாக்கலாமா?"

அந்த நேரம் வரை எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கம்ப்யூட்டர் எழுந்திருப்பதை 'பூட்' என்கிறார்கள். பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்வதிலிருந்து வந்த சொல். நம் பக்கமாக இருந்தால் தன் குடுமியைத் தானே பிடித்துத் தூக்கிக்கொள்வது என்றிருப்பார்கள். ஒரேயடியாகத் தூக்கிவிட முடியாது. கல்யாண மண்டபம் திறப்பது மாதிரி படிப்படியாகத்தான் நடக்கும். முதலில் பயாஸ் என்கிற வாட்ச்மேன் வந்து கரண்ட் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துச் சாவியை எடுப்பார். சாவி போவது பூட்லோடர் என்கிற மேனேஜரிடம். அவர் போய் விண்டோஸ் என்கிற சமையல் மாஸ்டரை எழுப்புவார். மாஸ்டர் தன் ஆட்களை, அதாவது டிரைவர்களை, ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கடைசியில்தான் சொந்தபந்தம், அதாவது நாம் போட்டு வைத்த புரோகிராம்கள், வந்து உட்காரும். லோகோவுக்கு முன்னாலேயே விழுந்தால் வாட்ச்மேன் பக்கம், அதாவது ரேம், பவர் சப்ளை, சூடு. புள்ளி சுற்றும்போது விழுந்தால் டிஸ்க்கையோ டிரைவரையோ பார்க்க வேண்டும். பூனைப் படம் வந்த பிறகு விழுந்தால் சொந்தக்காரர்களில் யாரோ. எங்கள் மெஷினோ ஒரு தடவை புள்ளியில் விழுகிறது, ஒரு தடவை பூனையில், ஒரு தடவை லோகோவிலேயே. இடம் பார்த்து விழவில்லை. நேரம் பார்த்து விழுந்தது.

மகள் டெலிட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போனாள். மேனேஜர் இல்லை, மாஸ்டர் இல்லை, வாட்ச்மேன் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும் அறை. அங்கே சூட்டைக் காட்டும் பக்கத்தைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். சும்மா இருக்கிற பிராசசருக்கு நாற்பது, ஐம்பது டிகிரி இருந்தால் சரி. எங்கள் வாட்ச்மேனுக்கு 74. பிறகு 83. பிறகு 92. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு, தெர்மாமீட்டர் பார்ப்பது போலப் பார்த்தது. நூறை நெருங்கியதும் பட்டென்று அணைந்தது. கருகிப் போவதற்குப் பதிலாகத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் புத்தி பிராசசருக்கு உண்டு.

மகள் செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிராசசர் மேல் உட்காரும் ஃபேனுக்கு நாலு கால். ஒவ்வொன்றையும் 'டிக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கிப் பூட்ட வேண்டும். எங்கள் ஃபேனில் இரண்டு கால் பூட்டாமல், நாளாக நாளாக மேலே எழும்பி, பந்தியில் இடம் கிடைக்காத ஆள் மாதிரி ஒருக்களித்து நின்றது. கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு பொட்டு பேஸ்ட் இல்லை. பிராசசருக்கும் அதன் மேல் உட்காரும் உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் இருக்கும். அங்கே காற்று நின்றால் சூடு இறங்காது. அதற்காகத்தான் சாம்பல் நிறத்தில் ஒரு பசையைத் தடவி வைத்திருப்பார்கள்.

"அப்பா" என்று மகள் என்னைப் பார்த்தாள். "கடைசியா இதுல யாரு கை வெச்சது?"

நான் ஜன்னலில் மழையைப் பார்த்தேன். மனைவி டவராவை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். பதில் சமையலறையிலிருந்து வந்தது. "வேற யாரு, உங்க சின்னத் தாத்தாதான். பாவம், கண்ணாடி மாதிரி துடைச்சுட்டுல்ல போனாரு!" அம்மா அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். கொழுந்தனாரை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. ரப்பர் போட்டதும் மெஷின் ஓடியது ரேமால் அல்ல. இருபது நிமிடம் அவர் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது ஆறியிருந்தது. ஆறிய அளவுக்குக் கொஞ்ச நேரம் ஓடியது. வைத்தியம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் ஆயுள். இத்தனை வருடமாக எத்தனை வீடுகளில் சித்தப்பாவின் ரப்பருக்குக் கிடைத்த பெயரில் பாதி, சும்மா இருந்த நேரத்துக்குச் சேர வேண்டியதோ என்னவோ. ஒரே மூச்சில் அஞ்சு வைத்தியம் செய்துவிட்டால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் அஞ்சும் மருந்துதான்.

சித்தப்பா ஃபேனைக் கையில் வாங்கி, திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஹீட்டு. நான் வரும்போதே நினைச்சேன்."

யாரும் எதுவும் சொல்லவில்லை. மழையில் குரோம்பேட்டையிலிருந்து வந்த மனுஷன். வெளியில் கொண்டுபோனால் மூடியைத் திறக்கவே காசு. சித்தப்பாவுக்கு இருபத்தைந்து வருடமாக ஒரு டம்ளர் காபிதான் சம்பளம், அதிலும் பாதிச் சர்க்கரை. மறுநாள் அவரே ரிச்சி தெருவுக்குப் போய், ஊசி மாதிரிக் குழாயில் அடைத்த பேஸ்ட் வாங்கிக்கொண்டு வந்தார். பட்டாணி அளவு வைத்தால் போதும் என்று மகள் சொன்னாள். அவர் விபூதிப் பட்டை அளவுக்கு வைத்தார். நாலு காலையும் அமுக்கி, நாலு 'டிக்'கையும் எங்களை எண்ணச் சொன்னார். மெஷின் எழுந்தது. பூனை வந்தது. மூன்று டம்ளர் காபி ஆகியும் பூனை போகவில்லை.

போன வாரம் மாம்பலம் அத்தை வீட்டில் இருந்தேன். அவர்கள் வீட்டு சிஸ்டம் பாதியில் நின்றுவிட, அத்தை சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். கடைசியாக அதில் யார் கை வைத்தது என்ற கேள்வி வரும் என்று எல்லாரும் பதிலோடு தயாராக இருந்தோம். அந்தக் கேள்வி வரவில்லை. அதை அவர் இப்போதெல்லாம் கேட்பதில்லையாம்.

"பதறாதே. எந்த இடத்துல நிக்குது? லோகோவுலயா, புள்ளியிலயா? அதை முதல்ல நிதானமாப் பாத்துச் சொல்லு" என்றது சித்தப்பாவின் குரல். எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்து, புள்ளியில் என்றாள்.

"சரி. நான் வர்றேன். ஃபார்மட் பண்ணிடலாம்."